வலிக்கு எத்தனை மார்க்

உக்காரு தாயி. நின்னுக்கிட்டே இருந்தாலும் இந்தக் கதவு சீக்கிரம் திறக்காது. உடம்பு துடைச்சு, புண்ணுக்குக் கட்டு மாத்தி, விரிப்பு மாத்தி முடிக்க முக்கா மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கூட இருக்கவுக எல்லாரும் வெளிய இந்தப் பெஞ்சுலதான். நான் பத்தொன்பது நாளா இதுல உக்காந்து எந்திரிக்கிறேன். இந்த ஓரத்துல உக்காராத, ஒரு கால் ஆடும்.

நேத்து உங்கப்பாவைக் கொண்டுவந்து எங்க சாருக்குப் பக்கத்துக் கட்டில்ல படுக்கவச்சப்பவே பாத்தேன். பேசலாம்னு நெனச்சேன். நீ அழுதுக்கிட்டு இருந்த, சரி அழட்டும்னு விட்டுட்டேன். இங்க வர்ற எல்லாரும் மொத நாள் அழுவாக. மூணாம் நாள் சாப்பாட்டுத் தூக்கை எங்க கழுவுறதுன்னு கேப்பாக. நானும் அப்படித்தான்.

உங்கப்பாகிட்ட கேட்டாகளா, பத்துக்கு எத்தனைன்னு? இல்லையா? கேப்பாக. ரெஜினா சிஸ்டர்னு ஒரு பிள்ளை இருக்கு, குட்டையா, கண்ணாடி போட்டு. நல்ல பிள்ளை. அது ஒரு அட்டையைத் தூக்கிக்கிட்டு வரும். வரிசையா பத்து வரைக்கும் நம்பர், நம்பருக்குக் கீழ மூஞ்சிப் படம். சிரிச்ச மூஞ்சியில ஆரம்பிச்சு அழுகிற மூஞ்சியில முடியும். வலி எத்தனைன்னு கேக்கும். சொல்ற நம்பரைக் குறிச்சுக்கிட்டுப் போகும். அதுக்குத் தக்கன மருந்து. பேச முடியாதவுகளா இருந்தா கூட இருக்கவுகதான் சொல்லணும். சாருக்கு இப்ப நான்தான் சொல்றேன். கதவு திறந்ததும் நேரா என்கிட்டதான் வரும். இன்னைக்கு என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் காலையில இருந்து உக்காந்திருக்கேன். உன்கிட்டப் பேசுறதும் அதனாலதான்னு வச்சுக்கோயேன்.

சார்னு யாரைச் சொல்றேன்னு பாக்குறியா? என் வீட்டுக்காரரைத்தான். வேலாயுதம் சார். அருப்புக்கோட்டையில முப்பத்தி ரெண்டு வருஷம் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி வந்த புதுசுல தெருவே சார்னு கூப்பிட்டுச்சு. நானும் அப்படியே பழகிட்டேன், மாத்த வரல. புத்துநோய், முதுகெலும்புல பரவிருச்சு. அதுக்கு வைத்தியம் முடிஞ்சுபோச்சு, இனி வலி தெரியாம பாத்துக்கிறதுதான்னு சொல்லி இங்க அனுப்பிட்டாக.

வலி தெரியாம பாத்துக்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அட்டையைக் கொண்டுபோய் எங்க சார்கிட்டயா நீட்டணும்? ஆயுசு பூரா மார்க்கு குறைச்சே வாழ்ந்த மனுசன்கிட்ட.

பள்ளிக்கூடத்துல பயலுக வச்ச பேரு என்ன தெரியுமா? முப்பத்திநாலு. முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ் இல்லையா, இவுக முப்பத்திநாலைப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவாக. ஒரு வருஷம் தலைமையாசிரியர் மகனுக்கே முப்பத்திநாலு. அந்த மனுசன் வீடு தேடி வந்து உக்காந்தாரு. நான் காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சாரு. அந்த ஒரு மார்க்கு அவன் பேப்பர்ல இல்லையே சார்னு இவுக சொன்னாக, அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. கல்யாணமான மொத மாசம் குழம்பு எப்படி இருக்குன்னு நான் கேட்டேன். ஆறுன்னாக. நான் ஆறுக்கு ஆறுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன். நாலு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது பத்துக்கு. பொய் சொல்லக் கூடாது, நாப்பத்தி நாலு வருஷத்துல அது ஏழரை வரைக்கும் ஏறுச்சு. அதுக்கு மேல போகல.

வந்த அன்னைக்கு ரெஜினா அட்டையைக் காட்டுச்சு. இவுக கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு, படிச்சு, கண்ணை மூடி யோசிச்சாக. பேப்பர் திருத்துறப்ப அப்படித்தான் மூடுவாக. நாலுன்னாக. மறுநாள் நாலரைன்னாக. அந்தப் பிள்ளை சிரிச்சிருச்சு, அரையெல்லாம் அட்டையில இல்ல சார்னு. அப்ப நாலே போடுங்கன்னாக.

எதுக்கு சார் இவ்வளவு குறைச்சுச் சொல்றீங்கன்னு அது ஒரு நாள் கேட்டுச்சு. இவுக அந்தப் பிள்ளைக்கு வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுட்டாக. "பத்துன்னா இதுக்கு மேல வலிக்கவே முடியாதுன்னு அர்த்தம். இன்னைக்கே அதைப் போட்டுட்டு, நாளைக்கு இதைவிடக் கூட வந்தா எதைப் போடுவீங்க?"

அது பாவம், நாலைக் குறிச்சுக்கிட்டுப் போச்சு. நாலுக்கு உள்ள மாத்திரைதான் வந்துச்சு.

எனக்குத் தெரியும் தாயி. தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். காலையில அவுக துண்டை அலசப் போனா ஒரு முனை நூல் நூலா கிழிஞ்சு கெடக்கும். பல்லுல கடிச்சு கடிச்சு கிழிஞ்சது. மொத நாள் ஆணியில மாட்டியிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாம் நாள் எச்சில் ஈரம் காயல. அலசிக் காயப்போட்டேன். ரெஜினா என்னைத் தனியாக் கூப்பிட்டு, அம்மா சார் முகத்தைப் பாத்தா நாலு மாதிரி தெரியலையேன்னு கேட்டுச்சு. அவுக முகமே அப்படித்தான்னு சொன்னேன். அது பொய் இல்லையே. அந்த முகம் அப்படித்தான். அவுகளே நாலுன்னு சொல்றப்ப நான் நடுவுல புகுந்து எட்டுன்னா நல்லாவா இருக்கும்? கணக்கு அவுக பாடம், எனக்கு என்ன தெரியும்.

எனக்கு முட்டி வலி இருக்கு. ரெண்டு முட்டியும். ஒரு நாள் அந்தப் பிள்ளை வெளையாட்டா என்கிட்டயும் அட்டையை நீட்டுச்சு. பத்துன்னேன். யோசிக்கவே இல்ல. என்னம்மா, மாடிப்படி ஏறித்தான வந்தீகன்னுச்சு. ஏறுனா என்ன? என் வலி எனக்குத்தான தெரியும்.

இன்னொண்ணும் சொல்றேன். முட்டி வலி, முதுகு வலி, இதுக்கெல்லாம் அட்டை இருக்கு, மாத்திரை இருக்கு, கட்டு மாத்த ஆளு இருக்கு. மனசு வலிக்கு யாரு அட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தா? எனக்கு ஒருத்தரும் வரல. நீ சின்னப் பொண்ணு, உன்கிட்டச் சொல்லலாமான்னு தெரியல. கல்யாணம் ஆயிருச்சுல்ல? அப்ப சொல்லலாம்.

எண்பத்தேழு ஏப்ரல். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு மொதமொதல்ல நின்ன கர்ப்பம். எட்டாம் மாசம். சார் மதுரையில, பப்ளிக் பரீட்சை பேப்பர் திருத்துற கேம்ப்புக்குப் போயிட்டாக. போக வேண்டாம்னு சொன்னேன். இன்னும் ஒரு மாசம் இருக்குல்லன்னாக. அவுகளுக்கு எண்ணிக்கைதான கணக்கு. போன நாலாம் நாள் எனக்கு வலி எடுத்துருச்சு. எங்கக்காதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. பொம்பளப் பிள்ளை. தங்கல.

பச்சப்பிள்ளையை வச்சிருக்க மாட்டாக. அன்னைக்குச் சாயங்காலமே எங்கண்ணன் துணியில சுத்திக் கொண்டுபோய் மண்ணுல வச்சுட்டு வந்துட்டாரு. கேம்ப்புக்குத் தகவல் போயி, இவுக பஸ் பிடிச்சு வந்து சேர மறுநாள் காலையில மணி பத்து. வந்து கட்டில் ஓரமா நின்னாக. உனக்குத் தேவலையான்னு கேட்டாக. நான் சொவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். மூணாம் நாள் திரும்பப் போயிட்டாக. பேப்பர் கட்டு பாக்கி இருக்காம். ஊரான் வீட்டுப் பிள்ளைக பேப்பரு.

நான் மூணு மாசம் அழுதேன். சமைப்பேன், அழுவேன். கோலம் போடுவேன், அழுவேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னாக: "நம்ம டிராயிங் மாஸ்டர் வீட்ல மூணு பிள்ளை தங்கல. அந்தம்மா எந்திரிச்சு நடமாடலையா."

அவ்வளவுதான். கை கழுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டாக. என் துக்கத்துக்கு மார்க்கு குறைச்சுட்டுப் போயிட்டாக தாயி. மூணு போனவளுக்கு எவ்வளவோ அதுல மூணுல ஒரு பங்குதான் எனக்குன்னு. அன்னைக்கு நிப்பாட்டுன அழுகைதான். அதுக்கப்புறம் அவுக முன்னாடி நான் அழுததில்ல. வேற பிள்ளையும் இல்ல. முப்பத்தேழு வருஷத்துல அந்தப் பிள்ளையைப் பத்தி அவுக வாயில இருந்து ஒரு வார்த்தை வந்ததில்ல. நானும் கேக்கல. ஒரே வீட்டுக்குள்ள நான் மட்டும் பிள்ளையை எழந்தவ மாதிரியும் அவுக ஏதோ குடக்கூலிக்கு இருக்கிறவரு மாதிரியும் வாழ்ந்தோம். சண்டை இல்ல. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

அப்படி இருக்கப்ப துண்டு கிழிஞ்சா எனக்கு என்ன பதறும் சொல்லு. பதறுச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு, பாக்கட்டும், வலின்னா என்னன்னு தெரியட்டும்னுச்சு. பழி வாங்குற எண்ணமெல்லாம் கெடையாது. நான் அப்படிப்பட்ட பொம்பள இல்ல. பதினோரு நாளும் கஞ்சி ஆத்திக் குடுத்தது நான்தான், கால் அமுக்கிவிட்டது நான்தான்.

பன்னெண்டாம் நாள்தான் ரெஜினா வேற மாதிரி கேட்டுச்சு. அது புத்திசாலி. அட்டையை ஓரமா வச்சுட்டு, "சார், உங்க ஆயுசுலயே வந்த பெரிய வலி எது? அதைப் பத்துன்னு வச்சுக்கங்க. அதோட பாத்தா இது எத்தனை?"ன்னுச்சு.

நான் ஸ்டூல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தேன். இவுக ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாக. தூங்கிட்டாகளோன்னு பாத்தேன்.

"அது எண்பத்தேழு ஏப்ரல்," அப்படின்னாக. "அது பத்துன்னா இது நாலுதான்மா."

என்ன சார் ஆபரேஷனான்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. இவுக ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாக. அது எழுதிக்கிட்டுப் போயிருச்சு. நான் ஆரஞ்சு முழுசையும் உரிச்சு முடிச்சேன். முடிச்சு, எதுக்கு உரிச்சேன்னு தெரியாம கையில வச்சுக்கிட்டு இருந்தேன்.

வேற ஒருத்தியா இருந்தா அந்த நேரம் உருகியிருப்பா. எனக்குக் கோவம் வந்துச்சு தாயி. நெசமாவே கோவம். பத்து போட்டிருக்காக. வாழ்க்கையில ஒரே ஒரு பத்து, அதை எனக்குத் தெரியாம போட்டு, மூடி வச்சிருக்காக. என்கிட்டச் சொல்லியிருந்தா என்ன? மூணு மாசம் நான் தனியா அழுதேனே, ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து எனக்கும் வலிக்குது வடிவுன்னு என் பேரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா அந்த வீடு வேற வீடா இருந்திருக்கும்ல. முன்னப்பின்ன தெரியாத நர்ஸ் பிள்ளைகிட்டச் சொன்னதை எனக்குச் சொல்ல முப்பத்தேழு வருஷம் பத்தலையா?

அன்னைக்கே கேட்டேன். இல்ல, கேக்கல. கேக்கணும்னு வாயைத் திறந்தேன், அதுக்குள்ள கஞ்சி வந்துருச்சு. நாளைக்குக் கேப்போம்னு விட்டேன். மறுநாள் காய்ச்சல். பதினஞ்சாம் நாள் பேச்சு நின்னுபோச்சு.

பேச்சுதான் நின்னுச்சு. காது கேக்குது, கண்ணு முழிச்சிருக்கு. நான் போற பக்கமெல்லாம் கண்ணு வருது. உதடு அசையுற மாதிரிகூட ரெண்டு தடவை இருந்துச்சு. டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு, வலி கூட இருக்கும்னு தோணுது, மருந்தைக் கூட்டலாம், ஆனா இந்த நெலைமையில கூட்டினா பெரும்பாலும் தூக்கத்துலயேதான் இருப்பாரு, அப்படியே போயிரவும் செய்யலாம்னு. இனிமே நம்பரு நீங்கதாம்மா சொல்லணும்னாரு.

நாலுன்னு சொன்னேன். மறுநாளும் நாலு. முந்தாநாள் ரெஜினா என் கண்ணையே பாத்துச்சு, அதனால அஞ்சுன்னேன். நேத்தும் அஞ்சு.

ஏன் அப்படிப் பாக்குற? தூங்கிட்டாக்க நான் யாருகிட்டக் கேப்பேன்? பெரிசா என்ன கேக்கப் போறேன், ஏன் என்கிட்டச் சொல்லலைன்னு ஒரு வார்த்தை. பதில் வேண்டாம், தலையாவது அசைக்கட்டும். முப்பத்தேழு வருஷம் பொறுத்தவ நாலு நாள் வலி பொறுக்கச் சொல்றது தப்பா?

வலிக்கும். தெரியும் தாயி, நீ சொல்ல வேண்டாம். இன்னைக்குக் காலையில முகம் துடைச்சப்ப வாயோரம் ரத்தம். துண்டைப் பிடிச்சுக் கடிக்க அவுக கையில தெம்பு இல்ல. உதட்டு உள்பக்கத்தைக் கடிச்சிருக்காக. துடைச்சேன். திரும்பவும் வந்துச்சு. அப்பயும் கண்ணு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரம் கேட்டிருக்கலாம். முழிச்சுத்தான இருந்தாக. நாலு நாளா முழிச்சுத்தான் இருக்காக. வாய் வரைக்கும் வருது, கேக்க வரல.

என்ன கேட்ட? நான் மட்டும் அவுககிட்ட எல்லாத்தையும் சொன்னேனாவா? நான் என்ன சொல்லணும்?

அது வேற விஷயம். அதை எங்கக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் போய்ச் சேந்துட்டா. சரி, நீ யாரோ எவரோ. நாளைக்கு நீ ஒரு பக்கம் போவ, நான் ஒரு பக்கம் போவேன்.

அந்தப் பிள்ளை செத்துப் பொறக்கல.

ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு. சன்னமா அழுதுச்சு, பூனைக்குட்டி மாதிரி. கண்ணைத் திறந்து பாத்துச்சு. என் சுண்டுவிரலைக் குடுத்தேன், பிடிச்சுக்கிட்டுச்சு. நெத்தி அப்படியே சார் நெத்தி, நடுவுல அந்தக் கோடு சகிதமா. எங்கக்காகிட்டச் சொன்னேன், அவுக வந்து கேட்டா செத்தே பொறந்துச்சுன்னு சொல்லிருன்னு. ஏன்டின்னா. வராத ஆளுக்கு எதுக்குன்னேன். அந்த ஒன்றரை மணி நேரத்துல ஒரு நிமிஷத்தைக்கூட அவுகளுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. அது என் பிள்ளை, எனக்கு மட்டும்னு வச்சுக்கிட்டேன்.

அவுக வந்து கட்டில் ஓரம் நின்னப்ப அக்காகிட்டத்தான் கேட்டாக. அழுதுச்சான்னு கேட்டாக. இல்லைன்னா. கண்ணு முழிச்சுச்சான்னு கேட்டாக. இல்ல மாப்ளன்னா. அதுக்கப்புறம்தான் எனக்குத் தேவலையான்னு கேட்டாக. நான் சொவத்தைப் பாத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.

இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. அவுக பத்து போட்டது பொறக்கும்போதே செத்துப்போன பிள்ளைக்கு. உசுரோட இருந்து, கண்ணு முழிச்சு, அப்பன் நெத்தியோட ஒன்றரை மணி நேரம் காத்துக் கெடந்த பிள்ளை ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிஞ்சா... நான் கேட்டு முடிச்சதும் இதைச் சொல்லிரணும்னுதான் இருந்தேன். சொல்லாம எப்படி அனுப்புறது? நெதமும் அதை நெனச்சுத்தான் அஞ்சு அஞ்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். முழிச்சிருந்தாத்தான சொல்ல முடியும்.

உன்கிட்டச் சொல்லி முடிச்சதும் இப்பத்தான் தோணுது. கை காலை அசைக்க முடியாம, வாய் பேச முடியாம கெடக்கிற மனுசனுக்கு நான் எதைக் கொண்டுபோய்க் குடுக்கப் பாத்தேன்.

இந்தா, தாழ்ப்பாள் சத்தம் கேக்குது. எந்திரி, எந்திரி. உங்கப்பாவுக்கு முடிச்சிருப்பாக.

வாம்மா ரெஜினா. இல்லம்மா, அட்டையைக் காட்டாத. எனக்கு நம்பரு வேண்டாம். டாக்டர்கிட்ட மருந்தைக் கூட்டச் சொல்லு. ஆமா, தெரியும், அவரு சொன்னாரு. தூங்கட்டும். நல்லாத் தூங்கட்டும். இல்லம்மா, யாருக்கும் சொல்லிவிட வேண்டாம், எங்களுக்கு யாரும் இல்ல. கையெழுத்துன்னா குடு, இங்கயே போட்டுர்றேன். அவுககிட்டக் கடைசியா பேசுறதுக்கா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ சீக்கிரம் போ.

நீ உள்ள போ தாயி. உங்கப்பா தேடுவாரு.

நான் வரல. ஊசி போட்டு, அவுக கண்ணை மூடுற வரைக்கும் இங்கனயே இருக்கேன். இப்ப உள்ள போனா சொல்லிருவேன்.